கைபேசியில் ஓட்டுப்போட இளைஞர்கள் தயாரா? கணினி படிப்பவர்கள்தான் தயங்குகிறார்கள்!

ஆய்வுமாணவி:
வணக்கம். இணையவழி வாக்களிப்பை இளைஞர்கள் ஏற்பார்களா என்பதுதான் என் முதுகலை ஆய்வு. வாக்குச்சாவடியில் இருக்கும் இயந்திரத்தைச் சொல்லவில்லை, இருந்த இடத்திலிருந்தே போடுவது. ஃபிரெட் டேவிஸ் 1989-இல் எழுதிய தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை வைத்துக் கேள்வித்தாள் தயாரித்தேன். ஒன்று பயனுள்ளதாகவும் எளிதாகவும் தோன்றினால் மக்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள் என்பது அதன் சாரம். கல்லூரியில் சிலரிடம் கொடுத்துப் பார்த்ததில் பதில்கள் அதற்குள் அடங்கவில்லை. "எளிதா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். "வந்தால் அதில் ஓட்டுப்போடுவீர்களா?" என்றால் வரலாறு, வணிகவியல் மாணவர்கள் உடனே சரி என்கிறார்கள், கணினி அறிவியல் ஆட்கள்தான் இழுக்கிறார்கள். ஒருவர் எதையும் டிக் செய்யாமல் தாளின் ஓரத்தில் "சர்வர் யாருடையது?" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்! பணத்தையே கைபேசியில் அனுப்புகிறவர்களுக்கு ஓட்டில் மட்டும் என்ன தயக்கம்?

பிழைதேடி:
ஓரத்தில் எழுதிய அந்த ஆளை விட்டுவிடாதீர்கள், உங்கள் ஆய்வே அங்கேதான் இருக்கிறது.

நான் மென்பொருள் சோதனையில் வேலை பார்க்கிறேன். பணம் தவறாகப் போனால் குறுஞ்செய்தி வரும், கணக்கில் தெரியும், புகார் கொடுக்கலாம். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்று வங்கிக்குத் தெரிவதால்தான் இதெல்லாம் முடிகிறது. ஓட்டில் அது தெரியவே கூடாது. போட்டது நீங்கள்தான் என்று உறுதியாக வேண்டும். யாருக்குப் போட்டீர்கள் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. ஆனாலும் எண்ணிக்கை சரி என்று தோற்றவருக்கே நிரூபித்துக் காட்ட வேண்டும். இதில் எந்த இரண்டைக் கேட்டாலும் செய்து தரலாம், மூன்றும் சேர்ந்தால்தான் தலைவலி. 2019-இல் சுவிட்சர்லாந்தின் அஞ்சல் நிறுவனம் தன் இணைய வாக்களிப்பு மென்பொருளின் மூலநிரலை, அதாவது அது எழுதப்பட்ட நிரல் வரிகளை, வெளியிட்டது. ஓட்டை மாற்றினாலும் சரிபார்ப்பில் அகப்படாத ஒரு குறையை ஆய்வாளர்கள் அதில் கண்டுபிடித்தார்கள். கணினி மாணவர்கள் இழுப்பது பயத்தால் அல்ல, விவரம் தெரிந்ததால்.

வெளியூர்வாசி:
எல்லாம் சரி, எனக்கு ஓட்டு ஓரிடத்தில், வேலை வேறிடத்தில். லீவு கிடைக்காமல் என் ஓட்டு வீணாவதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? எஸ்டோனியாவில் 2005 முதல் இணையத்தில் ஓட்டுப்போடுகிறார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகள் அப்படித்தான் விழுந்தன. அப்பா பின்னால் நின்று "இதை அழுத்து" என்று சொன்னால் அழுத்திவிட்டு, அப்புறம் தனியாக இருக்கும்போது மாற்றிப் போடலாம். கடைசியாகப் போட்டதுதான் செல்லும். நேரில் போய்ச் சீட்டில் போட்டால் இணைய ஓட்டு ரத்து. பெரியவர்கள் பேச்சைத் தட்ட முடியாத வயதில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

பழையவாக்காளர்:
போடுகிறவன் எப்படியும் போடுவான். நார்வே 2011-இலும் 2013-இலும் இணைய வாக்களிப்பைச் சோதித்துப் பார்த்து 2014-இல் கைவிட்டது. புதிதாக இளைஞர் கூட்டம் ஒன்றும் வந்துவிடவில்லை.

ஆய்வுமாணவி:
வெளியூர்வாசி சொன்ன அப்பா விஷயம் என் கேள்வித்தாளில் எங்குமே இல்லை, சேர்க்கிறேன். பிழைதேடி அண்ணா, "இந்த முறையை நம்புகிறீர்களா?" என்று ஒரு கேள்வி போட்டால் போதுமா?

பிழைதேடி:
போதாது. யாரை நம்புவது என்று பிரித்துக் கேளுங்கள்: தன் கைபேசியையா, மென்பொருள் எழுதியவரையா, எண்ணுகிறவரையா? அப்புறம், "உங்கள் ஓட்டு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே பார்க்க வழி இருந்தால் பார்ப்பீர்களா?" என்றும் கேளுங்கள். எஸ்டோனியாவில் ஓட்டுப்போட்டதும் திரையில் கியூஆர் குறியீடு வரும், கைபேசியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். ஆனால் அதைச் செய்கிறவர்கள் மிகச் சிலரே. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-இல் வாக்குச்சாவடியில் வைத்த வாக்குக் கணினிகளை ஏற்காததற்குக் காரணமும் இதை ஒட்டியதுதான்: தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தொழில்நுட்பம் படிக்காத குடிமகனும் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. உங்கள் வரலாற்று மாணவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள்.

ஆய்வுமாணவி:
சொல்லிவிட்டுக் கேட்டால் பதிலை நாமே ஊட்டியதாகிவிடும் என்பார் என் வழிகாட்டி. பாதிப் பேருக்குச் சொல்லியும் பாதிப் பேருக்குச் சொல்லாமலும் கேட்கலாமா என்று நாளைக்கு அவரிடம் பேசிப் பார்க்கிறேன்.