புதுப்பிப்பு: மொட்டை மாடி மாரத்தான் பயிற்சி

கொரோனா ஊரடங்கில் மொட்டை மாடியிலேயே மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்க முடியுமா என்று 2020 ஏப்ரலில் இங்கே கேட்டிருந்தேன். கேலி செய்தவர்களுக்கும் யோசனை சொன்னவர்களுக்கும் சேர்த்து இந்தப் பதில்.

எங்கள் மாடியில் ஒரு சுற்று 42 மீட்டர். போன ஞாயிறு 503 சுற்று ஓடினேன், அதாவது அரை மாரத்தான், சுமார் 21 கிலோமீட்டர். 2 மணி 50 நிமிடம் ஆனது. எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டைதான். பத்துச் சுற்றுக்கு ஒன்று என்று ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள். இவ்வளவு சின்ன வளைவுகளில் ஜிபிஎஸ் குழம்பி, 17 கிலோமீட்டர்தான் என்று அடித்துச் சொன்னது!

முதல் இரண்டு வாரம் கோயிலை வலம் வருவது மாதிரி ஒரே திசையில் சுற்றியதில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இங்கே ஒருவர் சொன்னபடி 25 சுற்றுக்கு ஒருமுறை திசை மாற்ற ஆரம்பித்த பிறகுதான் வலி குறைந்தது. கீழ்வீட்டு மாமி "விடியற்காலையில் தலைக்கு மேல் என்னப்பா இடி?" என்று கேட்டார். அதனால் நாலரைக்குப் பதில் ஐந்தரைக்குத் தொடங்குகிறேன். அவர் வடாம் காயவைக்கும் நாட்களில் விடுமுறை.

சரி, போட்டி? 1897இல் தொடங்கிய பாஸ்டன் மாரத்தானே 2020இல் ரத்தானது. சென்னையில் 2020 ஜூன் 19 முதல் மறுபடி முழு ஊரடங்கு வேறு வந்தது. அதனால் ஆகஸ்டில் மாடியிலேயே 1,005 சுற்று, அதாவது முழு மாரத்தான், ஓடிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். புளியங்கொட்டை போதாது, அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.