இரட்டை இலை முதலில் ஜெயித்தது திண்டுக்கல்லிலா?

கேள்வி: எங்கள் தெருச் சுவரில் பழைய இரட்டை இலை இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அந்தச் சின்னம் முதலில் ஜெயித்ததே நம் தொகுதியில்தான் என்று அப்பா சொல்கிறார். உண்மையா?

பதில்: உண்மைதான் தம்பி. தி.மு.க. எம்.பி. ராஜாங்கம் இறந்ததால் 1973 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம்தான். அந்தக் கட்சியின் மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்தார், ஆளும் தி.மு.க.வுக்கு மூன்றாம் இடம்! இரண்டாவதாக வந்த ஸ்தாபன காங்கிரஸ் (காங்கிரஸ் உடைந்தபோது காமராஜர் இருந்த பிரிவு) சித்தனை ஊர் கைவிடவில்லை. 1996, 2004, 2009 மூன்று முறையும் அவரை டெல்லிக்கு அனுப்பியது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பதில்: அண்ணே, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே மாயத்தேவர் 1980-ல் தி.மு.க.வின் உதயசூரியனில் நின்று ஜெயித்தார்.

கேள்வி கேட்டவர்: அப்படியா! அப்பாவிடம் இன்றே சொல்கிறேன். நன்றி அண்ணே.