ஓய்வுபெற்ற உளவாளி கதைக்கு உதவி வேண்டும்

நண்பர்களே, ஒரு த்ரில்லர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் ஓய்வுபெற்ற உளவாளி. அல்சைமர் தொடக்க நிலை. இந்த நோயில் அண்மை நினைவுகள்தான் பெரும்பாலும் முதலில் போகும், பழையவை ரொம்ப நாள் தங்கும். காலையில் மாத்திரை போட்டது அவருக்கு நினைவில்லை. பின்தொடர்பவனைக் கழற்றிவிடும் வித்தை மட்டும் அத்துப்படி. மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு, யாரோ திருடியதாக நம்புகிறார். இந்தத் திருட்டுச் சந்தேகம் நோயாளிகளிடம் சகஜம்தான். ஆனால் ஒருநாள் நிஜமாகவே ஒருவன் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். யாராவது கதவைத் திறந்தால் தெரியட்டும் என்று கதவிடுக்கில் அவர் செருகிய முடியிழை கீழே கிடக்கிறது. மகள் நம்பவில்லை.

மறதிநோய் உள்ளவர்களைப் பராமரித்தவர்கள் சொல்லுங்கள்: சந்தேகம் முற்றும்போது கத்துவார்களா, வாயடைத்துப் போவார்களா? மறுத்துப் பேசினால் நம்மையும் எதிரியாக்கிவிடுவார்களா? சினிமாத்தனமாக எழுத விருப்பமில்லை. அப்புறம், முழுக்கதையும் அவர் பார்வையிலேயே போகலாமா?