அடுத்தடுத்துப் படித்த நாலு புத்தகங்கள்: அடுத்து எதை எடுக்கலாம்?

ஓரக்குறிப்பு கேட்டது:

சமீபத்தில் இரண்டு நாவல், இரண்டு கட்டுரை நூல் என்று அடுத்தடுத்துப் படித்தேன். நாலுமே பலரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுபவை. எனக்குப் பட்டதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கிறது.

முதலில் ஹான் காங்கின் 'மரக்கறி'. கொரிய மொழியில் 2007இல் வந்த நாவல். 2024இல் அவருக்கு நோபல் கிடைத்த பிறகுதான் நான் எடுத்தேன், மறைப்பானேன். யோங்-ஹே என்ற பெண் ஒரு கனவு கண்டு இறைச்சியை விட்டுவிடுகிறாள். வீட்டில் இருந்ததையும் தூக்கிப் போடுகிறாள். அவள் செய்தது அவ்வளவுதான். அதைச் சுற்றியிருப்பவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பதுதான் கதை. மூன்று பகுதிகள். முதலாவதைக் கணவன் சொல்கிறான். இரண்டாவது அக்காள் கணவனின் பக்கமிருந்து, மூன்றாவது அக்காவின் பக்கமிருந்து. யோங்-ஹேக்கு என்று ஒரு பகுதி கிடையாது. இடையிடையே வரும் கனவுத் துண்டுகள் மட்டும்தான் அவளுடையவை.

கணவன் பேச ஆரம்பிப்பதே அபாரம். அவளிடம் குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமே இல்லை, அதனால்தான் கட்டிக்கொண்டேன் என்கிறான். அதில் குரூரம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. விடுப்பு விண்ணப்பம் எழுதுகிற தொனியில் சொல்லிக்கொண்டு போகிறான். குடும்பமே கூடியிருக்கும் இடத்தில் அப்பா அவளை அறைந்து வாயில் இறைச்சியைத் திணிக்கும் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் எழுந்து நடந்தேன். ஆனால் மூன்றாம் பகுதி எனக்கு இழுவை. தலைகீழாக நிற்கிறாள், மரமாக மாறப் பார்க்கிறாள், மறுபடி மரம், மறுபடி காடு. முதல் பகுதியோடு நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வெளிவந்தது, நான் இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை நுழைகிற, சுமத்ராத் தீவின் மெடான் நகரத் தெருக்கள், வட்டிக்கடைகளின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்கள், அவர்கள் பேசுகிற பேச்சு, எல்லாம் அப்படியே கண்முன் நிற்கிறது. சுமத்ராவில் தொடங்கிய பத்தி மதுரைத் தெருவில் போய் முடிகிறது. நாயகன் பாண்டியனின் மனம் அலைகிற விதத்திலேயே வாக்கியமும் அலைகிறது. நண்பர்கள் கூடி உட்கார்ந்து தமிழ்ப் பெருமையை எல்லாம் கிண்டலடிக்கும் இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தேன். குறை என்றால் பாண்டியனேதான். எதிலும் தோற்காத ஆள். சாகசப் பகுதிகளில் திடீரென்று வேறு யாரோ எழுதிய நாவலுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. பெண்களோ நிழலாக வந்து போகிறார்கள்.

கட்டுரை நூல்களில் ஒன்று உளவியலாளர் டேனியல் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' (2011). நாம் எப்படி யோசித்து முடிவெடுக்கிறோம் என்பது பற்றியது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பாடநூல் குழுவின் கதை. இஸ்ரேலில் பள்ளிப் பாடத்திட்டம் ஒன்றை எழுத கானமன் ஒரு குழு அமைக்கிறார். வேலை எப்போது முடியும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னால், எல்லோரும் இரண்டு ஆண்டை ஒட்டியே எழுதுகிறார்கள். பிறகு குழுவிலிருந்த அனுபவசாலியைப் பார்த்து, இதுபோன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று கேட்கிறார். அவர் கொஞ்சம் யோசித்து, சுமார் 40 சதவீதம் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து ஆண்டு ஆனது என்கிறார். இத்தனைக்கும் அவரும் தன் சீட்டில் இரண்டு ஆண்டை ஒட்டித்தான் எழுதியிருந்தார்! அதைக் கேட்ட பிறகும் யாரும் வேலையைக் கைவிடவில்லை. அந்தப் பாடநூல் முடிய எட்டு ஆண்டு ஆனது, கடைசியில் அதை யாரும் பயன்படுத்தவும் இல்லை. இதுபோன்ற இடங்களுக்காகவே படிக்கலாம். ஆனால் முதல் நூறு பக்கத்தில் சொன்னதையே பிறகு வேறு வேறு சோதனைகளை வைத்துச் சொல்லிக்கொண்டு போகிறார். பாதியாகக் குறைத்திருக்கலாம்.

கடைசியாக ரெபெக்கா ஸ்க்லூட்டின் ஹென்ரியட்டா லாக்ஸ் பற்றிய புத்தகம் (2010). 1951இல் புற்றுநோயால் இறந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் செல்களை அவரைக் கேட்காமலேயே எடுத்து வளர்த்தார்கள். அவை இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. குடும்பத்துக்கு 1973 வரை விஷயமே தெரியாது. மகள் டெபோரா அம்மாவின் செல்கள் உறைந்திருக்கும் குப்பியைக் கையில் வாங்கி, குளிர்கிறதே என்று ஊதிச் சூடேற்றுகிற இடம் ஒன்று வருகிறது. எந்த நாவலிலும் அப்படி ஒரு காட்சியை நான் சமீபத்தில் படிக்கவில்லை. ஆசிரியர் தானும் ஒரு பாத்திரமாக உள்ளே வருவது சிலருக்கு உறுத்தும் என்கிறார்கள். எனக்கு அதுதான் பலம் என்று பட்டது. இந்தத் தகவல் யார் சொன்னது, எப்படிக் கிடைத்தது, யார் கதவைச் சாத்தினார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது.

கேள்வி இதுதான்: தனக்கு ஒரு விஷயம் எப்படித் தெரியவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிற கட்டுரை நூல் வேறு எது? எல்லாம் தெரிந்த தோரணையில் எழுதப்பட்டதைப் படித்து அலுத்துவிட்டது.

மெதுவாசகி எழுதியது:

'மரக்கறி' பற்றிச் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மீதியை முடியாது. அந்த மூன்று பகுதிகளும் கொரியாவில் முதலில் தனித்தனிக் குறுநாவல்களாகத்தான் வெளிவந்தன. அதாவது நீங்கள் கேட்டபடி முதல் பகுதி தனியாக நின்ற காலமும் உண்டு. ஆனால் அதோடு நின்றிருந்தால் அது ஒரு மோசமான கணவனின் கதையாக மட்டும் இருந்திருக்கும்.

மூன்றாம் பகுதியில் மரத்தை விடுங்கள், அக்கா இன்-ஹேயைப் பாருங்கள். அப்பாவின் அடியெல்லாம் தங்கைக்கே விழுந்தது, குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குச் சூப் வைத்துக் கொடுத்துத் தான் தப்பித்தோம் என்று அவள் கணக்குப் பார்க்கும் இடம் நினைவிருக்கிறதா? தன் பொறுப்பான குணம் என்று ஊரே மெச்சியது வெறும் பயம்தான் என்று அவளுக்குப் புரிகிறது. சிறுவயதில் இருவரும் மலையில் வழிதவறிய நாளில், பேசாமல் திரும்பிப் போகாமலே இருந்துவிடலாம் என்கிறாள் தங்கை. அது அக்காவுக்கு இத்தனை வருடம் கழித்துத்தான் உறைக்கிறது. எனக்கு நாவலின் மையமே அந்தப் பக்கங்கள்தான். என்னைக் கேட்டால் சுருக்க வேண்டியது இரண்டாம் பகுதியை. உடம்பில் பூ வரைகிற அந்தக் கலைஞனின், அதாவது அக்காள் கணவனின், வேதனையைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிய வேண்டியதில்லை.

சிங்காரம் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. பாண்டியன் ஒரு கட்டத்துக்கு மேல் அலுக்கிறான். தெருக்கள் அலுப்பதே இல்லை.

பாதிப்பக்கம் எழுதியது:

கானமன் நீளம் என்கிறீர்கள். எனக்கு நீளம் பிரச்சினை இல்லை, நான்காம் அத்தியாயம்தான் பிரச்சினை. முதுமை தொடர்பான சொற்களை வைத்து வாக்கியம் அமைத்த மாணவர்கள் பிறகு மெதுவாக நடந்தார்கள் என்று ஒரு சோதனை வருமே, அந்தப் பகுதி. அதையெல்லாம் நம்பாமல் இருக்க உங்களுக்கு வழியே இல்லை என்கிற அளவுக்கு அடித்துச் சொல்கிறார். 2012இல் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2017இல் கானமனே, போதிய அளவு ஆட்களை வைத்துச் செய்யாத ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று எழுதினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிறிய மாதிரியைப் பார்த்துவிட்டுப் பெரிய முடிவுக்குத் தாவுகிற பழக்கம் ஆராய்ச்சியாளர்களுக்கே உண்டு என்று 1971இல் சக உளவியலாளர் ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து கட்டுரை எழுதியவரே அவர்தான். அதனால் அந்தப் புத்தகத்தை நான் தள்ளிவிடவில்லை. பாடநூல் குழுவின் கதையையும் ட்வெர்ஸ்கியோடு செய்த வேலைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் அத்தியாயத்தைப் பென்சிலோடு படியுங்கள்.

அடிக்குறிப்பு எழுதியது:

உங்கள் கேள்விக்கு என் பதில் சித்தார்த்த முகர்ஜியின் 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்'. 2010இல் வந்தது, அடுத்த ஆண்டு புலிட்சர் வாங்கியது. புற்றுநோயின் வரலாறு. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மனிதர்கள் எதை உறுதியாக நம்பினார்கள், அது எப்படி உடைந்தது என்பதுதான் புத்தகம் முழுக்க.

1940களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்க்கிறார். நோய் இன்னும் வேகமாக ஏறுகிறது. வேறொருவர் அதோடு விட்டிருப்பார். இவர், அப்படியென்றால் அதைத் தடுக்கிற பொருளைக் கொடுத்தால் என்ன என்று திருப்பி யோசிக்கிறார். அந்தப் பொருளைத் தயாரித்து அனுப்பியவர் யெல்லப்பிரகட சுப்பாராவ். ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்காமல் மருந்து நிறுவனத்துக்குப் போனவர். குழந்தைகள் சில மாதம் எழுந்து நடக்கிறார்கள், பிறகு நோய் திரும்புகிறது. முகர்ஜி அந்த இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறார், வெற்றிக்கு மேளம் அடிப்பதில்லை.

மார்பகப் புற்றுநோய்ப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். மார்பகத்தோடு அடியில் இருக்கும் தசையையும் வெட்டி எடுத்தால்தான் நோய் போகும் என்று ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவரின் வழிவந்தவர்கள் பல பத்தாண்டுகள் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். பெர்னார்ட் ஃபிஷர் அதைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பியபோது சக அறுவை மருத்துவர்களே ஒத்துழைக்கவில்லை. 1981இல் முடிவு வந்தது. அவ்வளவு வெட்டியதால் உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. படித்து முடித்ததும் எனக்கு வந்தது கோபம்தான்.

ஒரு குறை: நடுவில் அரசியல், நிதி திரட்டல் பற்றிய அத்தியாயங்கள் வரும். அங்கே வேகமாகப் புரட்டலாம், பாவமில்லை.

ஓரக்குறிப்பு எழுதியது:

@மெதுவாசகி, அந்தச் சூப் இடம் எனக்கும் பிடித்ததுதான். ஆனாலும் அதை மரங்களுக்கு நடுவே தேடி எடுக்க வேண்டியிருந்தது என்ற என் புகார் அப்படியே இருக்கிறது. இரண்டாம் பகுதி நீளம் என்பதில் முழு உடன்பாடு.

@பாதிப்பக்கம், 1971 கட்டுரை பற்றி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதைத் தேடிப் படிக்கிறேன். புத்தகத்தைவிட அது சின்னதாகவாவது இருக்கும்.

@அடிக்குறிப்பு, சரி, அடுத்தது முகர்ஜிதான். ஹால்ஸ்டெட் பகுதியிலிருந்தே தொடங்கலாமா, இல்லை முதலிலிருந்து வந்தால்தான் புரியுமா?

அடிக்குறிப்பு எழுதியது:

முதலிலிருந்தே வாருங்கள். தொடக்கத்தில் முகர்ஜியின் நோயாளி ஒருவர் வருகிறார், புத்தகத்தின் கடைசிவரை அவரைத் தொடர்கிறார். நடுவில் குதித்தால் அவரை விட்டுவிடுவீர்கள்.