முதல் முழு மாரத்தான்: எந்தப் பரிசோதனைகள் எடுக்க வேண்டும்?

திருச்சியிலிருந்து:
எனக்கு 46 வயது. சில அரை மாரத்தான்களை முடித்த தெம்பில், வரும் ஜனவரியில் சென்னையில் முழு 42.195 கி.மீ. ஓடப் பதிவு செய்துவிட்டேன். விண்ணப்பத்தில் ‘உடல்தகுதியோடு இருக்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் செய்யச் சொன்னார்கள். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. ஆனால் என் மனைவி விடுவதாக இல்லை. ஓடும் பட்டையில் ஓடவிட்டு இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் டெஸ்ட் எடுக்காமல் சென்னைக்குக் கிளம்பக் கூடாது என்கிறார். பரிசோதனை நிலையத்தில் இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டணத்தில் செய்கிறார்கள். எல்லாமே தேவையா? சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் எல்லையில் நிற்கிறது. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. இப்போது நலமாக இருக்கிறார். முழங்கால் வலிக்காக, நீண்ட தூரம் ஓடும் நாட்களில் காலையில் ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்வேன். மற்றபடி மாத்திரை எதுவும் இல்லை.

பாரிஸிலிருந்து:
அண்ணா, இங்கே முன்பெல்லாம் தடகளச் சங்க உரிமம் இல்லாதவர்கள், ஓராண்டுக்குள் எடுத்த வைத்தியச் சான்றிதழைக் காட்டினால்தான் ஓட விடுவார்கள். 2024 முதல் அது போய்விட்டது. ஓட்டத்தின் ஆபத்துகளை விளக்கும் காணொளிகளை இணையத்தில் பார்த்து முடித்தால் ஓர் எண் தருகிறார்கள். அதைப் பதிவில் கொடுத்தால் போதும். பக்கத்து நாடான இத்தாலியில் 1982ஆம் ஆண்டிலிருந்து போட்டி விளையாட்டுக்கு இ.சி.ஜி.யோடு கூடிய சான்றிதழ் கட்டாயம். எனக்கு இத்தாலி முறைதான் சரியென்று படுகிறது.

மதுரையிலிருந்து, பொது மருத்துவர்:
ஓட்டப் போட்டிகளில் முடிவுக்கோட்டை அடுத்த மருத்துவக் கூடாரத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். திருச்சி சார், உங்கள் கேள்வியிலேயே பாதிப் பரிசோதனை முடிந்துவிட்டது. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு என்பது சாதாரணத் தகவல் இல்லை. தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன் இதயநோய் வந்திருந்தால் அதைத் தனி ஆபத்தாகவே கணக்கில் எடுப்போம். அமெரிக்காவில் ஓட்டத்தைப் பரப்பிய ஜிம் ஃபிக்ஸ் 1984இல், 52 வயதில், ஓடப் போன இடத்தில் இறந்தார். அவருடைய தந்தைக்கு 35 வயதில் மாரடைப்பு வந்து, 43 வயதில் உயிர் போயிருந்தது.

ஆகவே முதலில் கட்டணத் தொகுப்பை வாங்காதீர்கள். இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல், படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது ஆகியவை உண்டா என்று அவர் கேட்பார். வாயுத்தொல்லை என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாமல் உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் அவர் டிரெட்மில் எழுதிக்கொடுக்கக்கூடும். அப்படியானால் ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வயதை வைத்துக் கணக்கிட்ட அதிகபட்ச நாடித்துடிப்பில் 85 சதவீதம் வந்ததும் பல இடங்களில் எந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள். 42 கிலோமீட்டர் ஓடப்போகிறவருக்கு அது போதாது. உங்களால் முடிந்த எல்லைவரை ஓடவிடச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டக்காரர் என்பதையும் இ.சி.ஜி. பார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள். பயிற்சி பெற்றவரின் நாடி ஓய்வில் 50க்குக் கீழே இருப்பது உண்டு. அது நோய் அல்ல.

டிரெட்மில் முடிவு நன்றாக இருந்தாலும் அது முழுக் காப்பு அல்ல. ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குத் தமனி சுருங்கியிருந்தால் காட்டிக்கொடுக்கும். அடைக்காமல் ஒட்டியிருக்கும் சிறு கொழுப்புப் படிவைத் தவறவிடக்கூடும். பாரிஸ் தம்பிக்கு: இத்தாலி முறைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும், அந்நாட்டின் வெனிட்டோ பகுதியில் திடீர் மரணங்கள் 89 சதவீதம் குறைந்தன என்ற கணக்கு 12 முதல் 35 வயது வரையிலான வீரர்களுடையது. அந்த வயதில் தேடுவது பெரும்பாலும் பரம்பரையாக வரும் இதயத் தசை நோய்களை. 46 வயதில் தேடுவது தமனி அடைப்பை.

அடுத்தது அந்த டைக்ளோஃபெனாக். என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது அதுதான். ஏற்கெனவே எல்லையில் நிற்கும் ரத்த அழுத்தத்தை அது மேலும் ஏற்றும். வியர்த்து நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தண்ணீரை உடலிலேயே தேக்கி, ரத்தத்தில் சோடியத்தை, அதாவது உப்புச்சத்தை, நீர்க்கச்செய்து குறைக்கவும் அது துணைபோகும். ஒரு முறை கூடாரத்துக்குத் தள்ளாடி வந்த பெண்ணின் கைக்கடிகாரப் பட்டை மணிக்கட்டில் ஆழமாகப் பதிந்திருந்தது, விரல்கள் வீங்கி மோதிரம் அசையவில்லை. பேச்சு குழறியது. கூட இருந்தவர்கள் நீர் வற்றிவிட்டது என்று மேலும் தண்ணீர் கொடுக்கப் போனார்கள். தடுத்துச் சோடியம் பார்த்தோம், குறைந்திருந்தது. வழிநெடுக ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் குடித்திருக்கிறார், காலையில் வலி மாத்திரையும் போட்டிருக்கிறார். முழங்காலை இப்போதே காட்டிச் சரிசெய்யுங்கள். மாத்திரையோடு ஓட வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து:
டாக்டர், இத்தனை பயமுறுத்தல் வேண்டுமா? அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் ஓடிய சுமார் 1.09 கோடி பேரில் 59 பேருக்குத்தான் இதயம் நின்றது. நம் ஊரில் உட்கார்ந்தே நோயை வரவழைத்துக்கொள்பவர்கள்தானே அதிகம்?

மதுரையிலிருந்து:
கணக்கு சரி. ஓட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த 59 பேரில் 42 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்குப் பெரிதும் உதவியது, அருகில் இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்திக் கொடுத்த முதலுதவி. நீங்கள் குழுவாக ஓடுபவராக இருந்தால் எல்லோரும் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்பக்கத்தில் பெயர், வீட்டுத் தொலைபேசி எண், மருந்து, ஒவ்வாமை எழுத இடம் விட்டிருப்பார்கள். நினைவிழந்து வருபவரின் அட்டையைத் திருப்பினால் பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது.

இன்னொன்று: எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருந்தும் போட்டி வாரத்தில் காய்ச்சல் வந்தால் ஓடாதீர்கள். வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருந்தால் ஓட்டம் அதை மோசமாக்கும். சென்னை ஈரப்பதத்தில் வெப்பத்தாக்குக்கும் காய்ச்சல் வழிவிடும்.

திருச்சியிலிருந்து:
நன்றி ஐயா. வியாழக்கிழமை இதயநோய் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அப்பாவின் பழைய ஆஞ்சியோ அறிக்கையையும் எடுத்துப்போகவா?

மதுரையிலிருந்து:
கட்டாயம். இன்றிலிருந்து காலையும் மாலையும் ரத்த அழுத்தத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதி அதையும் கொண்டுபோங்கள். டைக்ளோஃபெனாக்கை எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று கேட்பார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.