கோச் தோற்கச் சொன்னார், மகளும் தோற்றாள். சரியா?

ஷட்டில்அப்பா:
மகளுக்கு 13 வயது, பாட்மின்டன் டபுள்ஸ் ஆடுகிறாள். போன வாரப் போட்டியில் முதல் இரண்டு லீக் மேட்சும் ஜெயித்தாயிற்று, நாக்-அவுட் ஏறக்குறைய உறுதி. மூன்றாவதுக்கு முன்னால் கோச் கூப்பிட்டு, "குரூப்பில் ரெண்டாவதா வாங்க, இல்லாட்டி அடுத்தது டாப் சீட் ஜோடிதான்" என்றார், அதாவது தரவரிசையில் முதலில் வைத்த பலமான ஜோடி. சர்வீஸை நெட்டில் அடித்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள், நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அரையிறுதி வரை போனார்கள். தப்பா, சாமர்த்தியமா?

குறுக்குக்கோடு:
தப்புதான். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? சீனாவின் தியான் சிங், ஜாவ் யுன்லெய் ஜோடி டென்மார்க்கிடம் தோற்று இரண்டாமிடம் வந்துவிட்டது. வாங் சியாவ்லி, யூ யாங் ஜோடி குரூப்பில் முதலிடம் பிடித்தால் இறுதிப்போட்டிக்கு முன்பே சொந்த நாட்டுக்காரர்களோடு மோதும் நிலை. அதனால் கொரியா ஜோடியிடம் தோற்கப் பார்த்தார்கள், கொரியாவுக்கும் ஜெயிக்க மனசில்லை. சர்வீஸ் நெட்டில், அடித்ததெல்லாம் வெளியே, எந்த ராலியும் நாலு அடியைத் தாண்டவில்லை. காசு கொடுத்து வந்த கூட்டம் கத்தித் தீர்த்தது. அடுத்த நாள், இதே மாதிரி ஆடிய இன்னொரு மேட்சையும் சேர்த்து, சீனா, கொரியா, இந்தோனேசியா என்று 8 பேரை வெளியேற்றினார்கள். கடைசியில் தங்கம் வாங்கியது அந்தத் தியான்-ஜாவ் ஜோடியேதான்!

நாலடி:
பிள்ளைகளைத் திட்டுவானேன்? ஒலிம்பிக் பாட்மின்டனில் குரூப் சுற்று வந்ததே அந்த வருஷம்தான். முன்பெல்லாம் தோற்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான், கணக்குப் போட எதுவுமில்லை. எந்த இடம் வந்தால் யாரோடு ஆட்டம் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவனும் பார்க்கத்தான் செய்வான். 2016-ல் குரூப் முடிந்த பிறகு இரண்டாமிட ஜோடிகளுக்குக் குலுக்கல் போட்டார்கள், அதை முதலிலேயே செய்திருக்கலாம். ஓட்டக்காரர் உசேன் போல்ட் ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், கடைசி 20 மீட்டரை நடைப்பயிற்சி மாதிரி ஓடினால் கைதட்டுகிறோமே?

குறுக்குக்கோடு:
போல்ட் ஹீட்ஸில் தோற்கவில்லையே ஐயா. நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். அதே லண்டனில் நம் ஜுவாலா குட்டா, அஸ்வினி பொன்னப்பா ஜோடி மூன்றில் இரண்டு ஜெயித்தும் பாயின்ட் வித்தியாசத்தில் காலிறுதியைத் தவறவிட்டார்கள். அதே குரூப்பில் ஜப்பான் தைவானிடம் தோற்ற விதம் சரியில்லை என்று இந்தியா புகார் கொடுத்தது, எடுபடவில்லை. ஷட்டில்அப்பா, உங்கள் குரூப்பில் மூன்றாவது வந்து வெளியேறியது யார்?

ஷட்டில்அப்பா:
இப்போதுதான் ஸ்கோர் ஷீட்டைத் தேடி எடுத்தேன். எங்களிடம் முதல் மேட்சில் தோற்ற ஜோடி. மற்ற ரெண்டும் ஜெயித்திருக்கிறார்கள், ஒரு செட் குறைவு. மகள் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.