புதுப்பிப்பு: அம்மாவும் பிபி மெஷினும்

அம்மா தானே பிபி பார்த்துக்கொள்ள ஒரு முழுப் பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று மூன்று வாரம் முன்பு புலம்பியிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. நிலவரம் இதுதான்.

மெஷினோடு வந்த கையேட்டிலிருந்து நான் எடுத்துப் போட்ட ‘கஃப்’, ‘மெமரி’ போன்ற சொற்களை எல்லாம் குறிப்பிலிருந்து தூக்கிவிட்டேன். பட்டனில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு; குறிப்பில் "சிவப்புப் பொட்டை அமுக்கவும்", அவ்வளவுதான். கையில் சுற்றும் பட்டையை (அதுதான் ‘கஃப்’) "முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே" கட்டச் சொல்லியிருந்தேன். ஸ்கேலோடா உட்காருவார்? "இரண்டு விரல் இடம் விட்டு" என்று மாற்றியதும் சரியாகக் கட்டுகிறார்.

பெரிய தலைவலி, "பேசக்கூடாது" என்ற வரி. பட்டை கையை இறுக்கும்போதுதான் அவருக்குப் பக்கத்து வீட்டுக் கதை ஞாபகம் வரும். இங்கே ஒருவர் சொன்னபடி காரணத்தையும் சேர்த்தேன்: "பேசினால் எண் ஏறும். டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிடுவார்." இப்போது நான் வாயைத் திறந்தாலே கையை ஆட்டி அடக்குகிறார்!

"5 நிமிடம் ஓய்வு" மட்டும் இன்னும் நடக்கவில்லை. அடுப்படியிலிருந்து நேரே வந்து கையை நீட்டுகிறார். "ரேடியோவில் ஒரு பாட்டு முடியும்வரை சாய்ந்து உட்காரவும், காலைத் தரையில் ஊன்றவும்" என்று எழுதிப் பார்க்கப்போகிறேன்.

அப்புறம், எண்ணைக் காலண்டரில் குறிக்கும் யோசனை பலித்துவிட்டது. முதல் இரண்டு நாள் நான் எழுதினேன். இப்போது பால் கணக்குக்குப் பக்கத்திலேயே அவரே எழுதிவிடுகிறார்.